ஆற்று நாற்றம் எட்டும் தூரம்

ஜனவரி 26, வெள்ளி

குடியரசு நாள். மதுக்கடை அடைப்பு. நான் எலக்ட்ரீஷியனாக இருக்கும் பனியன் கம்பெனியில் கொடியேற்றி ஆளுக்கொரு சாக்லெட் கொடுத்தார்கள். எல்லோரும் சமம் என்று மேனேஜர் ஐந்து நிமிடம் பேசினார். அவர் பேசி முடிக்கும்வரை ஒருவன் அவர் தலைக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டிருந்தான்.

தையல் நூல் ஏஜென்ட் கொடுத்த டைரி இது. அட்டையில் மகாலட்சுமி. மூன்று வாரமாகச் சும்மா கிடந்தது. குடிக்க முடியாத நாளில் எழுதிப் பார்ப்போம்.

எழுத நொய்யலைத் தவிர வேறென்ன இருக்கிறது? மலையடிவாரத்தில் தொடங்கி, காவிரியில் போய் விழும் இடம்வரை, இந்த ஆற்றங்கரையில் இருக்கும் ஒவ்வொரு பாரிலும் மூன்று பேரும் சேர்ந்து குடிப்பது என்று பத்து வருடங்களுக்கு முன்னால் முடிவெடுத்தோம். நான், பூபதி, ஷாகுல். பாலிடெக்னிக் கடைசி வருடம். அந்த வயதில் வேறு பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டார்கள்.

சட்டங்கள் நான்கு. மூன்று பேரும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கடை. ஆற்றின் நாற்றம் எட்டும் தூரத்தில் கடை இருக்க வேண்டும். எட்டுகிறதா என்று ஷாகுல் முகர்ந்து சொல்வான். நான்காவது, முதல் சுற்று ஒரே தம்ளரில். முதல் நாள் போன கடையில் தம்ளர் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. ஆளுக்கு ஒரு வாயாகக் குடித்தோம். அதையே பூபதி சட்டமாக்கிவிட்டான். ஒவ்வொரு கடையிலும் தம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சரக்குக்குச் சாதி கிடையாது என்று பேசுவான். நாங்கள் காத்திருப்போம்.

பட்டியல் என்னிடம் இருக்கிறது. மொத்தம் நாற்பத்தொன்று. முப்பத்தெட்டு முடிந்தது.

மிச்சம் மூன்றும் முடிந்த பிறகு நாங்கள் எங்கே உட்காருவோம் என்று தெரியவில்லை. பூபதி தோட்டத்துக் கவுண்டர் வீட்டுப் பிள்ளை. நான் காலனி. அவன் ஊருக்கும் என் ஊருக்கும் நான்கு கிலோமீட்டர். பத்து வருடத்தில் அவன் வீட்டுக்குள் நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவன் வந்ததில்லை. டீக்கடையில் அவனுடைய சித்தப்பன் பெரியப்பன் யாராவது இருப்பார்கள். பாரில் மட்டும்தான் எவனும் எவனையும் காட்டிக்கொடுப்பதில்லை; காட்டிக்கொடுத்தால் தானும் அங்கே இருந்தது தெரிந்துவிடும். அங்கே பூபதிக்கு நான் “மாப்ள”. பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர்களோடு நின்றால் “ஏப்பா ஜீவா”. வித்தியாசம் இரண்டு எழுத்துதான்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

முப்பத்தொன்பது. அணை தாண்டி மூன்று கிலோமீட்டர். தகரக் கொட்டகை, கால் உடைந்து கம்பி கட்டிய நாற்காலி, சுண்டலில் மண். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. தென்னை செத்தது, மாடு செத்தது. கடைசியில் பாசனம் எங்களுக்குத்தான் நடக்கிறது.

ஷாகுல் வெளியே போய் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு வந்து, “எட்டுது, தாராளமா எட்டுது” என்றான். அவன் கட்டிங் மாஸ்டர். துணியை முகர்ந்தே எந்தச் சாயப்பட்டறையிலிருந்து வந்தது என்று சொல்வான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவான், ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவான். இரண்டையும் கேள்வி கேட்கக் கூடாது.

பூபதி தம்ளரைப் பிடித்துப் பேசி முடித்தான். பிறகு வீட்டு விஷயம் எடுத்தான். தோட்டத்தின் கிழக்குப் பகுதியைக் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, மேற்கே புது வீடு கட்டுகிறார்கள்.

“கான்கிரீட் போட்டாச்சு மாப்ள. வயரிங் நீதான். வேற எவனையும் உள்ள உட மாட்டேன்.”

“உள்ள உடறதப் பத்தி நீ பேசாத” என்றான் ஷாகுல்.

மூன்று பேரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்திருப்பேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கட்டி முடியாத வீட்டுக்குச் சாதி கிடையாது. இதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை, நான் எழுதுகிறேன். ஒடிசாப் பையன்கள் சாமி அறையில் லுங்கி காயப்போட்டிருக்கிறார்கள். கொத்தனார் அங்கேயே பீடி குடிக்கிறார். நான் சமையலறை, படுக்கையறை, சாமி அறை எல்லாவற்றிலும் செருப்போடு நடந்து சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் பால் காய்ச்சுவார்கள். அதற்குப் பிறகு கோடு வேறு இடத்தில் இருக்கும்.

பூபதியின் அம்மா வந்து பார்த்தார். மெயின் போர்டை வெளித் தாழ்வாரத்தில் வைத்துவிடச் சொன்னார். அங்கே மழைச் சாரல் அடிக்கும், ஷாக் அடிக்கும், அதே சுவரின் உள்பக்கம், ஹாலில்தான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஆபத்து என்றதும் சரி என்றுவிட்டார்.

தாழ்வாரத்துக்கு ஆறடி நீளத்துக்குச் சன்ஷேடு இருக்கிறது. இருந்தாலும் சாரல் எப்படி அடிக்கும் என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஷாகுல் பிரியாணி வாங்கி வந்தான். ஹாலில் டைல்ஸ் இன்னும் போடவில்லை. சிமெண்ட் சாக்கை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பூபதி எனக்கு எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தான், ஒரு பல் ஆடுகிறது என்று போன மாதம் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறான். “மாப்ள, ஃபேனு நடுவுல வேண்டாம், சோபா பக்கமா தள்ளிப் போடு” என்றான். காலி வீடு என்பதால் மாப்ள என்பது நன்றாக எதிரொலித்தது.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் நினைவு வந்தது. இன்று நாங்கள் குடிக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

வயர் வரவில்லை, இந்த வாரம் வேலை நடக்காது என்று பூபதியிடம் சொன்னேன். வயர் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவசரப்பட்டு இழுத்தால் வேலை சுத்தமாக வராது.

மார்ச் 17, ஞாயிறு

பட்டியலில் விடுபட்டுப்போன கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஏழு வருடங்களுக்கு முன் நெடுஞ்சாலை மதுக்கடைகளை எல்லாம் கோர்ட் உள்ளே தள்ளச் சொன்னபோது, இடம் மாறிய கடைகளையும் புதிதாக எண்ண வேண்டும் என்று வாதாடி ஆறு கடையைச் சேர்த்தேன். அதில் தப்பியது இது. காட்டுக்குள் இருக்கிறது. மூன்று பேரும் வண்டியை உருட்டிக்கொண்டு போனோம்.

ஷாகுல் முகர்ந்துவிட்டு, எட்டவில்லை என்றான். நன்றாக எட்டுகிறது என்றேன் நான்.

“டேய், அது பாரு கக்கூசு நாத்தம். ஆறு இங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர்.”

“காத்து மாறி அடிக்குது.”

“காத்து மாறல. நீதான் மாறிட்டிருக்க. போன வருசம் வரைக்கும் எப்படா முடியும்னு சொன்னவன், இப்ப கடையாப் பெத்துப் போட்டுட்டிருக்க.”

கணக்கில் சேரவில்லை. வந்ததற்குக் குடித்துவிட்டு, திரும்பும் வழியில் உண்மையான நாற்பதாவது கடையைத் தாண்டினோம். ஒரு நாளைக்கு ஒன்று என்பது சட்டம் என்று நினைவுபடுத்தினேன். இன்று ஒன்றுகூட ஆகவில்லையே என்றான் பூபதி. இறங்கி அதையும் முடித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று.

ஏப்ரல் 14, ஞாயிறு

வயரிங் முடிந்தது. மெயினைப் போட்டதும் ஒவ்வொரு அறையாக எரிந்தது. பூபதியின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். விளக்கைத்தான். சாமி அறையில் நான் மாட்டிய சின்ன மஞ்சள் பல்பு அவருக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. கோயில் மாதிரியே இருக்குதப்பா என்றார். கோயில் மாதிரிதான்.

ஏப்ரல் 20, சனி

பூபதி எங்கள் கம்பெனி கேட்டுக்கு வந்து பத்திரிகை கொடுத்தான். புதுமனை புகுவிழா, இருபத்தெட்டாம் தேதி. வீட்டுக்கே வந்து கொடுப்பதாகத்தான் சொல்லியிருந்தான். கேட் வழியில் இருந்ததாம். மஞ்சள் தடவிய உறையில் என் பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தான்.

“காலைல அஞ்சு மணிக்கு ஓமம். அதுக்கெல்லாம் வந்து சிரமப்படாத மாப்ள. பத்து மணிக்கு மேல பந்திக்கு வந்துரு.”

என் தூக்கத்தில் அவனுக்கு எப்போதுமே அக்கறை உண்டு.

ஏப்ரல் 28, ஞாயிறு

பத்து மணிக்குப் போனேன். ரோட்டோரம் பந்தல். ஷாகுல் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பூபதி பட்டு வேட்டியில் வந்து, “வாப்பா ஜீவா, சாப்பிட்டுட்டுப் போலாம்” என்றான். பக்கத்தில் ஐந்தாறு பெரிய மனிதர்கள். நானும் அவனைப் பெயர் சொல்லாமல், ‘டா’ போடாமல், வெறுமனே தலையாட்டினேன். எனக்கும் பத்து வருடப் பயிற்சி.

அவன் அம்மா பந்தலுக்கு வந்து ஷாகுலை, “வாங்க தம்பி, வீடு பாக்கலியே நீங்க” என்று கூட்டிப் போனார். அவன் எழுந்து, என்னைப் பார்த்து, நின்றான். போ என்று கண்ணைக் காட்டினேன். துலுக்கருக்கு ஹால் வரை உண்டு. காபியும் உண்டு. இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், டேப் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

கால் மணி நேரம் கழித்து ஷாகுல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முகத்தைப் பார்த்தால் திருடிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

“வயரிங் ரொம்ப நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்கடா” என்றான்.

ஏப்ரல் 29, திங்கள்

நேற்று சாம்பாரில் உப்புக் குறைவு.

மே 9, வியாழன்

பூபதி போன் செய்தான். வீட்டில் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப்பர் இரண்டு முறை விழுந்துவிட்டதாம். நான் எதிர்பார்த்ததுதான், புது வீட்டில் ஈரம் காயும்வரை அப்படித்தான் விழும். வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். சட்டையைக்கூட எடுத்துவிட்டேன்.

“பாக்கறதுக்கில்ல மாப்ள. அம்மா ஒரே புடியா நிக்கறாங்க. போர்டு வெளிய வந்தர்ணுமாம். அடிக்கடி ஆள் வந்து போற சாமானம் ஊட்டுக்குள்ள எதுக்குங்கறாங்க. நீயே மாத்திக் குடுத்துரு. வேற ஆளுக்கு உன்ற வயரிங் புரியாது.”

உள்ளே வராமல் எப்படி மாற்றுவது என்று கேட்டேன்.

“ஷாகுல உள்ள நிக்கச் சொல்லிக்கலாம்.”

மே 12, ஞாயிறு

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பனியன் கம்பெனிக்கு வரும் எவனாவது அரைகுறை எலக்ட்ரீஷியன் போய்க் கையை வைப்பான், வீடு எரியும். வேலை என்று ஒன்று இருக்கிறது. அதனால் போனேன்.

தாழ்வாரத்துச் சுவரில் வெளியிலிருந்து துளை போட்டேன். ஷாகுல் உள்ளே நின்று ஒவ்வொரு வயராகக் கழற்றித் துளையில் நுழைத்தான். நான் இந்தப் பக்கம் இழுத்தேன். துளை வழியாக அவன் முழங்காலும், சோபாவின் ஒரு மூலையும், அதற்கு நேர் மேலே நான் தள்ளிப் போட்ட ஃபேனும் தெரிந்தன. ஃபேன் ஓடவில்லை. நான்தான் வெளியே மீட்டரில் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தேன்.

“செவப்பு வருது பாரு. வந்துச்சா?”

“வந்துச்சு. அடுத்து கறுப்பு.”

“பச்சை ஒண்ணு தனியாத் தொங்குதே.”

“அது எர்த். அத விட்டா எல்லாரும் செத்துருவாங்க. பத்திரமாக் குடு.”

பூபதி நிலைப்படியில் நின்றான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. இரண்டு பக்கமும் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஜன்னல் கம்பி வழியாக எனக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினார். மூடி உடைக்காத பாட்டில், பிரிட்ஜில் வைத்தது. என் அப்பா காலத்தில் கையைக் குவித்துக் குடித்தார்கள். முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது?

இரண்டு மணிக்கு முடிந்தது. சுத்தமான வேலை. சுவரில் துளை இருந்த இடம்கூடத் தெரியாது.

திரும்பும்போது ஷாகுல் வண்டியை ஓரம் கட்டினான்.

“நீ எதுக்குப் போர்ட உள்ள வெச்சேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“மழைச் சாரல்” என்றேன்.

“ஆமா. மழ” என்றான். “இனி உன்னைய அந்த ஊட்டுக்குள்ள கூப்பிடறதுக்கு ஒரு காரணமும் இல்ல. நீயே உன் கையால எடுத்து வெளிய வெச்சுட்ட.”

மே 26, ஞாயிறு

நாற்பத்தொன்று. முடிந்தது.

நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்துக்கு மேலே மேட்டில் கடை. பெரிய ஆற்றுக்குள் இந்த ஆறு ஒரு அழுக்கு நூல் மாதிரி போய்ச் சேருகிறது. கொஞ்ச தூரம் தனி நிறமாகவே ஓடுகிறது, பிறகு கண்ணுக்குத் தெரிவதில்லை. அழுக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

பூபதி தன் கம்பெனியில் மூன்று பனியன் பிரிண்ட் போட்டு வந்திருந்தான். முதுகில் ‘41/41’. அங்கேயே போட்டுக்கொள்ளச் சொன்னான், போட்டுக்கொண்டோம். என் பனியனில் கழுத்துத் தையல் கோணல். பத்து வருடத்தில் மூன்று பேருக்கும் தொப்பை வந்திருக்கிறது. பூபதி முதல் தம்ளரை ஊற்றித் தூக்கிப் பிடித்தான். பேச ஆரம்பிப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

“பூபதி, அடுத்த ஞாயிறு உன் வீட்டு ஹால்ல மூணு பேரும் உக்காந்து ஒரு டீ குடிக்கலாமா?”

ஷாகுல் சுண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூபதி தம்ளரை இறக்கி மேசையில் வைத்தான். கோபப்படவில்லை. அவனுக்குக் கண் கலங்கியது, அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

“அம்மா இருக்கற வரைக்கும் ஆகாது மாப்ள. உனக்குத் தெரியாததா? எனக்கு ஒண்ணும் கெடையாது. நான் உன்ற எச்சித் தம்ளர்ல குடிக்கறவன்.”

“அது இங்க.”

“இங்கதான் நம்ம இடம். ஊடு எதுக்கு நமக்கு?” என்று என் தோளைப் பிடித்தான். “நான் யோசிச்சு வெச்சிருக்கறேன். அடுத்தது பவானி ஆறு. மாயாறு வந்து சேர்ற பக்கமிருந்து ஆரம்பிச்சு அப்படியே காவிரில கூடற கூடுதுறை வரைக்கும். இன்னும் பத்து வருசம் ஓடிரும். நீ பட்டியலப் போடு.”

நான் கேட்டது ஒரு ஹால். அவன் கொடுத்தது ஒரு ஆறு.

தம்ளர் என்னிடம் வந்தது. குடித்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

பவானிக் கரையில் எத்தனை கடை இருக்கிறது என்று போனில் சும்மா பார்த்தேன். வரைபடத்தில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எழுதிக்கொண்டு வந்தேன். ஐம்பத்தேழு வந்தது. பதினோரு மணிக்கு உட்கார்ந்தவன் நிமிர்ந்தபோது மூன்றரை.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டு அலுத்துப்போய்ப் பக்கத்தில் வந்து பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், எழுதினால் மதிப்பாள். என்ன கணக்கு என்று கேட்டாள். சொன்னேன்.

“பத்து வருசம் ஆத்தோரமாச் சுத்துன. அந்தப் பையன ஒரு நாளு இங்க கூப்பிட்டயா?”

கூப்பிட்டதில்லை. வரமாட்டான் என்று நானே முடிவு செய்து வைத்திருக்கிறேன் போல. அவன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எங்கள் வீட்டுக்கும் ஒரு வாசல் இருப்பது மறந்துபோயிருக்கிறது.

பூபதிக்குப் போன் செய்தேன். பவானிக்குச் சம்மதம், ஒரு புதுச் சட்டம் உண்டு, கிளம்பும் முன் எங்கள் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட வேண்டும் என்றேன். அடுத்த ஞாயிறு. கொஞ்சம் யோசித்து, “சரி மாப்ள” என்றான். “சரி” என்றுதான் சொன்னான். இரண்டு முறை.

ஜூன் 9, ஞாயிறு

அம்மா காலையிலேயே கோழி எடுத்து வரச் சொன்னாள். வீட்டைக் கழுவிவிட்டாள். எங்கே உட்கார வைப்பது என்று கவலைப்பட்டாள். கீழேதான், எல்லோருக்கும் ஒரே மாதிரி என்றேன். மூன்று இலை போட்டோம்.

ஷாகுல் பன்னிரண்டரைக்கு வந்துவிட்டான். வந்ததுமே அடுப்படிக்குப் போய் ஒரு ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கினான்.

ஒரு மணிக்குப் போன்.

“மாப்ள, தண்ணித் தொட்டிகிட்ட நிக்கறேன். ரெண்டு பேரும் வந்துருங்க, போலாம்.”

தண்ணீர்த் தொட்டி காலனி தொடங்கும் இடத்தில் இருக்கிறது. போனோடு வாசலுக்கு வந்தேன், அங்கிருந்து பார்த்தால் தெரியும். வண்டியிலிருந்து இறங்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

“இலை போட்டாச்சு பூபதி. உள்ள வா.”

“எங்க பெரியப்பா தோட்டத்துக்கு வேலைக்கு வர்ற ஆளுக பூரா இங்கதான் இருக்காங்க. எவனாவது போய்ச் சொன்னா வீட்டுல பெரிய பிரச்சினை ஆயிரும். நான் வழில சாப்பிட்டுக்கறேன். நீங்க சாப்பிட்டு வாங்க, எவ்வளவு நேரம்னாலும் நிக்கறேன்.”

நிற்பான். அது எனக்குத் தெரியும். வெயிலில் எனக்காக மூன்று மணி நேரம் நிற்கக்கூடியவன்தான். நூறு அடி நடக்க மாட்டான்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். ஷாகுல் இலையில் தண்ணீர் தெளித்தான். அம்மா வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அந்த எலைய எடுத்தரட்டுமா?”

“வேண்டாம், நீ உக்காரு.”

ஆட்கள் சாப்பிடும்போது அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள், உட்கார்ந்தாள். சோற்றுப் பாத்திரத்தையும் குழம்பையும் கைக்கு எட்டும்படி நடுவில் இழுத்து வைத்துக்கொண்டாள். ஷாகுல் அவளுக்குப் பரிமாறினான். கோழியில் காரம் சரியாக இருந்தது. உப்பும்.

போன் அடித்தது. கை எச்சிலாக இருந்ததால் எடுக்கவில்லை.